வேண்டுதலும் மருந்துச் சீட்டும்

மேற்கு மாம்பலம் கோயில்கள் சூழ்ந்த ஊர். அயோத்தியா மண்டபத்து நாம சங்கீர்த்தனமும் காசி விசுவநாதர் கோயில் மணியோசையும் இங்கு நோயுற்றிருப்போரின் செவிகளுக்குப் பழகியவை. இதே ஊரின் நோயாளிகளது தலையணை அருகே திருநீற்றுப் பொட்டலம் இருப்பது போலவே விவிலியமும் செபமாலையும் இருக்கக் காண்கிறோம். ஆகஸ்ட் 29 அன்று பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்தில் கொடியேறினால், செப்டம்பர் 8 வரை எல்லாச் சமயத்தாரும் அங்கே செல்கின்றனர். அந்த அன்னைக்குத் தமிழ் மக்களிடையே வழங்கும் பெயர் ஆரோக்கிய மாதா. நோயும் வேண்டுதலும் நம்மிடையே எத்துணை நெருங்கியவை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கடும் நோயில் கிறித்தவ நம்பிக்கை தரும் வலிமையை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். அவ்வலிமையைத் தவறாகப் புரிந்துகொள்வதால் நோயாளிகள் இருவகையில் துன்புறுகின்றனர் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். மருந்து உட்கொள்வது இறைவன்மேல் நம்பிக்கையின்மையைக் காட்டும் என எண்ணிச் சிலர் சிகிச்சையை இடையில் நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர், நோய் தீராமைக்குத் தம் விசுவாசக் குறைவோ தம் பாவமோதான் காரணம் எனக் கருதித் தம்மைத் தாமே வருத்திக்கொள்கின்றனர். உடல்நோயோடு இந்த மனச்சுமையையும் ஒருவர் சுமக்க வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இதற்குக் காரணம் அவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என வினவினர். இயேசு இரண்டையும் மறுத்தார் என யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் கூறுகிறது. திருத்தூதர் பவுல், தம் உடலில் தைத்த முள் நீங்குமாறு மும்முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, அதனைத் தாங்கும் அருள் கிடைத்தது. பவுலின் விசுவாசம் குறைவுபட்டது என எவரும் கூறார். அவருடைய உடனுழைப்பாளராகிய லூக்கா ஒரு மருத்துவர். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம், நோயுற்றவர் இறைவனிடம் வேண்டவும், மருத்துவருக்கு உரிய இடமளிக்கவும் ஒருங்கே அறிவுறுத்துகிறது. வேண்டுதலுக்கும் மருந்துக்கும் இடையே அங்கே பகை இல்லை.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவர் மேரி வர்கீஸ், 1954ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். அப்போது அவர் முப்பது வயதைக்கூட எட்டவில்லை. ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை கொண்ட அவருக்கு மீண்டும் நடக்கும் நலம் கிட்டவேயில்லை. ஆயினும், அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அளித்த ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் முடங்கிய கைகளைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையைக் கற்றுச் செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் உருவாக முதற்காரணராய் இருந்தார். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அவருடைய நம்பிக்கை அவர் கால்களை மீட்டுத் தரவில்லை. எஞ்சிய கைகளைக் கொண்டு என்ன செய்யலாம் எனக் கேட்கும் துணிவைத் தந்தது. நீண்ட சிகிச்சையையும் கடினமான பயிற்சியையும் பிறர் உதவியையும் ஏற்றுக்கொள்ளும் பொறுமையைத் தந்தது. நாங்கள் வலிமை என்று கருதுவது இதனையே. மேரி வர்கீஸ் போன்று எல்லோரும் பெருஞ்செயல் புரிய வேண்டும் என்பதில்லை. வலி மிகுந்த இரவைக் கடந்து, காலையில் மாத்திரைக்காகக் கை நீட்டுவதும் அவ்வலிமையின் பாற்பட்டதே.

நடைமுறையில் சிலவற்றைக் குடும்பத்தார் கருத்திற்கொள்ள வேண்டும். கத்தோலிக்கர் சிலர், ‘நோயில் பூசுதல்’ என்னும் அருளடையாளத்திற்குக் குருவானவரை அழைக்க அஞ்சுகின்றனர். முன்னாளில் அது ‘அவஸ்தைப் பூசுதல்’ எனப்பட்டு, இறக்கும் தறுவாயில் மட்டும் வழங்கப்பட்டதே அவ்வச்சத்திற்குக் காரணம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின், கடும் நோயுற்றோரும் பெரிய அறுவை சிகிச்சையை எதிர்நோக்குவோரும் அதனைப் பெறலாம். நோயாளி விரும்பினால் காலம் தாழ்த்தாது அழையுங்கள்.

தவக்காலத்தில் நோன்பிருக்க விரும்பும் நீரிழிவு நோயாளிகள் முன்னதாகவே மருத்துவரிடம் கூற வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டு உணவைத் தவிர்ப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். நோயுற்றோருக்குத் திருச்சபையே நோன்பிலிருந்து விலக்கு அளிக்கிறது.

நோயாளியைக் காண வருவோருக்கு யோபுவின் நண்பர்கள் ஒரு பாடம். அவர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரருகே மௌனமாக அமர்ந்திருந்தது நற்செயல். பின்னர் வாய் திறந்து, அவர் துன்பத்திற்கு அவர் பாவத்தைக் காரணம் காட்டியதே அவர்கள் செய்த பிழை. நோயாளியின் விசுவாசத்தை அளவிடாதீர்கள். அருகே அமருங்கள், அவர் விரும்பினால் சுருக்கமாகச் செபியுங்கள், அடுத்த படுக்கையில் இருப்பவரின் உறக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். நோயாளி அழுதாலோ இறைவனிடம் முறையிட்டாலோ தடுக்காதீர்கள். திருப்பாடல்களுள் பல, துன்பத்தில் எழுந்த முறையீடுகளே. இரவு பகலாகக் கண்விழித்துப் பணிவிடை செய்யும் குடும்பத்தாருக்கும் அவ்வுரிமை உண்டு.

எவரேனும் மருந்தை நிறுத்தச் சொன்னால், அதைச் செய்யுமுன் உங்கள் மருத்துவரிடமோ செவிலியரிடமோ தயங்காது கூறுங்கள். உங்கள் நம்பிக்கையை ஒருவரும் எள்ளி நகையாடார். உங்கள் ஆயரையோ பங்குத்தந்தையையோ எப்போது காண விரும்புகிறீர்கள் என்பதையும் செவிலியரிடம் தெரிவித்துவிடுங்கள். சிகிச்சை நேரத்திற்கு இடையூறின்றி அதற்கு ஏற்ற வேளையை அவர்களோடு கலந்து முடிவு செய்யலாம்.