பதறாத காரியம் சிதறாது

ஒரு நிமிடத்திற் பல நூறு குண்டுகளைப் பொழியும் துவக்குகள் மலிந்துவிட்ட இக்காலத்தில், ஒரேயொரு வெடிக்காக இரண்டு நிமிடம் செலவிட்டு மகிழ்வோரும் உலகில் உளர். குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டு, கோலால் இறுக்கிச் சுடும் பழைய துவக்கே அவர்களுடைய கருவி. நம் நாட்டில் 'இடியன்' என வழங்குவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

அமெரிக்காவில் இவ்விளையாட்டுக்கெனத் தேசியச் சங்கமொன்று 1933ஆம் ஆண்டிலே தோன்றிற்று. இந்தியானா மாநிலத்தில், 'நட்பு' எனப் பொருள்படும் பிரெண்ட்ஷிப் என்னும் சிற்றூரிலே அதன் போட்டிகள் நடைபெறுகின்றன. 1971இல் அனைத்துலக அமைப்பொன்றும் உருவாயிற்று. அதன் போட்டிகளில் 30 நிமிடத்திற்குள் 13 வெடிகள் வைக்கலாம். அவற்றுட் சிறந்த பத்தே கணக்கில் எடுக்கப்படும். அவசரக்காரருக்கு அங்கே இடமில்லை என்பது இதனால் விளங்கும். கடல்கடந்து வாழும் நம் இளைஞர் எவரேனும் இத்துறையிற் புக விரும்பினால், முதலில் அறிய வேண்டியவை எவை என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

முதலாவது மருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றன் கலவையே கருமருந்து. 1044ஆம் ஆண்டளவிற் சீனாவில் தொகுக்கப்பட்ட போர்நூலொன்றிலே இக்கலவை பற்றிய குறிப்பு உண்டு. 1884இல் பிரெஞ்சு இரசாயன அறிஞர் போல் வியெய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடிக்கும் வரை துவக்குகள் நம்பியிருந்தது கருமருந்தையே. புகையில்லா மருந்து எழுப்பும் அமுக்கமோ மிகப் பெரிது. அதனைப் பழைய முறைத் துவக்கில் இட்டால் குழல் பிளந்து, சுடுபவரின் கையும் கண்ணும் போகக்கூடும். ஆகவே கருமருந்து, அல்லது வாய்வழித் துவக்குக்கென்றே செய்யப்பட்ட மாற்று மருந்து, இவையன்றி வேறெதுவும் ஆகாது. நிறத்தைப் பார்த்துத் தீர்மானித்தல் பெருந்தவறு. கலத்தின்மேல் உள்ள பெயரைப் படித்தே அறிதல் வேண்டும். அக்கலத்தில் 'எஃப்' என்ற ஆங்கில எழுத்து எத்தனை முறை வருகிறதோ அத்துணை நுண்மையானது உள்ளிருக்கும் மணி. எந்த மணி, எவ்வளவு என்பதற்குத் துவக்கைச் செய்தவர் தரும் கைந்நூலே பிரமாணம். நண்பரின் வாய்மொழி போதாது.

இரண்டாவது தீமூட்டும் முறை. பழைய வகையில், சக்கிமுக்கிக்கல் உருக்கில் உரசியெழுப்பும் பொறி வெளிக்கிண்ணத்திலுள்ள சிறிதளவு மருந்தைப் பற்றவைக்க, அத்தீ பற்றுவாய் வழியே குழலுட் புகும். ஸ்கொட்லாந்தில் பெல்ஹெல்வி என்னுமூரில் மதகுருவாயிருந்த அலெக்சாந்தர் போர்சைத் வேட்டையில் விருப்பமுள்ளவர். கிண்ணத்தில் எழும் சுவாலையைக் கண்டதும் பறவைகள் தப்பிவிடுவது அவருக்குப் பெருந்தொல்லையாயிற்று. தட்டினால் வெடிக்கும் இரசாயனப் பொருளைக்கொண்டு தீமூட்டும் முறையொன்றை வகுத்து, 1807இல் அதற்கு உரிமைப்பத்திரமும் பெற்றார். பின்னாளில் வந்த 'கேப்' என்னும் சிறு செப்பு மூடிக்கு மூலம் இதுவே. புதியவர்கள் கேப் வைக்கும் துவக்கிலே தொடங்குதல் நன்று. கல் துவக்கில் விசையை இழுப்பதற்கும் வெடி எழுவதற்கும் இடையே சிறு தாமதம் உண்டு. அந்நேரத்திற் குறி கலையாமல் நிற்பதற்குப் பழக்கம் வேண்டும்.

மூன்றாவது துவக்கைக் கெட்டிக்கும் ஒழுங்கு. அரை அங்குலக் குழல், அதாவது 50 கலிபர், தொடங்குவோர் பலரும் தேரும் அளவு. அதற்குப் பெரும்பாலும் 0.490 அங்குல ஈயக் குண்டு இடுவர். எஞ்சிய இடைவெளியை எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணித்துண்டு நிரப்பும். குழலின் உட்புறத்துச் சுருள்வரிகளைப் பற்றிக் குண்டைச் சுழற்றி அனுப்புவதும் அத்துணியே.

முதலிற் குழல் வெறுமையாய் உள்ளதா என இடிகோலை விட்டுப் பார்க்க வேண்டும். பின்னர் மருந்தை அளவுக்குழாயில் அளந்து இடவேண்டும். மருந்துக் கொம்பிலிருந்து நேரே குழலுக்குள் ஊற்றுதல் ஒருபோதும் ஆகாது. முன்னைய வெடியின் கனல் உள்ளே கிடந்தால் கையிலிருக்கும் கொம்பு முழுதுமே வெடித்துவிடும். அதன் பின் துணியும் குண்டும். குண்டு மருந்தின்மேல் நன்கு அமர்ந்திருத்தல் இன்றியமையாதது. இடையே வெற்றிடம் இருப்பின் குழல் வீங்கவோ பிளக்கவோ கூடும். இதனை அறிவதற்கு எளிய உபாயம் ஒன்றுண்டு. வெறுங்குழலில் கோல் நிற்கும் இடத்தில் ஒரு கோடும், சரியாகக் கெட்டித்தபின் நிற்கும் இடத்தில் மற்றொரு கோடும் கீறிவைத்தல். இரண்டாங் கோடு உயர்ந்து நின்றால், குண்டு முழுதும் இறங்கவில்லை. அல்லது மருந்தோ குண்டோ இருமுறை இடப்பட்டுவிட்டது. கேப் வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில், சுடும் மேடையில் நின்று, இலக்கை நோக்கிய பின்னரே.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையாயின் பதறாத காரியம் சிதறாது என்ற முதுமொழியை நினைவு கொள்ளுதல் நலம். உள்ளே தீ மெல்லப் புகைந்துகொண்டிருக்கலாம். துவக்கின் வாயை இலக்கினின்றுந் திருப்பாமல் ஒரு நிமிடமாவது அப்படியே பிடித்திருத்தல் வேண்டும். உள்ளே நோக்குவதும், அருகில் நிற்பவரிடம் திரும்பிக் காட்டுவதும் உயிரோடு விளையாடுவதாகும். கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பானும் எப்போதும் வேண்டும். புகைபிடிப்பவர் மருந்தின் அருகே வருதல் கூடாது.

சுட்டு முடிந்தால் வேலை முடிந்தது என்றெண்ணலாகாது. கருமருந்து எரிந்தபின் அதிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு உப்புச் சாம்பலாகவும் புகையாகவுமே எஞ்சும். அச்சாம்பல் காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை விரைவில் துருவேற்றும். ஆதலின் அன்று மாலையே சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டு குழலைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசிவைக்க வேண்டும். அடுப்பங்கரைக் கேத்தலைக் கேளாமல் எடுத்தால் இல்லத்தரசியின் கோபம் கருமருந்தினும் விரைவிற் பற்றும் என்பதையும் புதியவர்கள் அறிந்திருத்தல் நலம்!

இவையனைத்தையும் நூலைப் படித்து மட்டும் கற்றல் இயலாது. அந்தந்த நாட்டின் சட்டத்தை அறிந்து, சங்கமொன்றிற் சேர்ந்து, அனுபவசாலி ஒருவர் அருகே நிற்க முதல் வெடியை வைத்தலே முறை. நம் நாட்டிலோ 1916ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். ஆயினும் கள்ளமாகச் செய்த குழல்கள் காட்டுப்புறங்களிற் கையாளப்படுவதை நாம் அறிவோம். அவற்றுட் கொடியது கட்டுத்துவக்கு. பன்றி வரும் தடத்தில் மருந்தும் குண்டும் கெட்டித்து, கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு, கட்டியவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

வாய்வழித் துவக்கின் ஒழுங்குகள் யாவும், சுடுபவர் தாம் வைக்கும் ஒவ்வொரு வெடிக்கும் பக்கத்தில் நின்று பொறுப்பேற்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்டவை. கட்டுத்துவக்கின் பக்கத்தில் நிற்பார் எவருமில்லை. யானையின் காலையும், விறகு பொறுக்கச் சென்ற ஏழையின் காலையும் அந்தக் கம்பி பிரித்தறியாது.