கதையும் தோட்டமும் பாடமே

குஜராத் மாநிலம் பாவ்நகரில் 1920-ஆம் ஆண்டு பால மந்திர் என்னும் சிறார் பள்ளியை நிறுவிய கிஜுபாய் பதேகா, வழக்கறிஞர் தொழிலை விட்டுக் கல்விப் பணிக்கு வந்தவர். அவர் எழுதிய 'திவாஸ்வப்ன' என்னும் நூல் 'பகல் கனவு' என்ற பெயரில் தமிழிலும் வெளிவந்துள்ளது. நான்காம் வகுப்பை ஓராண்டுக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர் ஒருவரின் அனுபவமாக அந்நூல் அமைந்திருக்கிறது. கூச்சலும் குழப்பமுமாக இருந்த அவ்வகுப்பு, கதை தொடங்கியதும் அமைதியடைகிறது. கதை கேட்டுப் பழகிய பிள்ளைகள் பின்னர்ப் புத்தகங்களைத் தாமே நாடுகிறார்கள்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் நம் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில், பாடம் முடிந்து நேரம் மிஞ்சினால்தான் கதைக்கு இடம் கிடைக்கிறது. தோட்டமோ, விழா நாளில் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் குடும்பத்து முதியோரின் நினைவுகளுக்கும் பள்ளியின் கால அட்டவணையில் உறுதியான இடம் வேண்டும் என்பது நம் கருத்து.

மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் பொருள் உணர்ந்து படிக்கவும், அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்னும் நோக்கத்தோடு 2021-இல் 'நிபுண் பாரத்' திட்டம் தொடங்கப்பட்டது. அந்த இலக்கை எட்ட 2026-27 கல்வியாண்டு எல்லையாக வகுக்கப்பட்டது. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, படித்தது என்னவென்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கேட்டும் பேசியும் பழகிய சொற்களே படிக்கும்போது பொருள் தருகின்றன. வீட்டு மொழி ஒன்றாகவும் பள்ளி மொழி வேறாகவும் உள்ள குழந்தைகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

அத்தகைய சொற்கள் நிறைந்த கருவூலம் வீட்டிலேயே இருக்கிறது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்று வழங்கிய காலத்தைத் தாத்தா நினைவுகூரட்டும். 1957 ஏப்ரல் முதல் நாளன்று ரூபாய் நூறு புதிய பைசாவாக ஆனபோது, நாலணா இருபத்தைந்து பைசாவாக மாறியது. அப்படியானால் ஓரணாவுக்கு எத்தனை பைசா? ஆறேகால் என்ற விடையைக் கண்டறியும் குழந்தை, பின்னம் எதற்குப் பயன்படுகிறது என்பதையும் அறிந்துகொள்கிறது. ஒடிசாவின் கடலோரத்தில் 1999-ஆம் ஆண்டுப் பெரும்புயலைக் கண்ட பாட்டியும், கட்ச் பகுதியில் 2001-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் வீடிழந்த தாத்தாவும் சொல்பவை வரலாறும் புவியியலும் ஆகும். பிள்ளைகள் அவற்றைக் கேட்டு, சொந்தச் சொற்களில் எழுதி, வகுப்பில் படித்துக் காட்டினால் மொழிப்பாடமும் நடந்தேறும்.

தோட்டமும் இவ்வாறே. வெந்தயத்தை ஊறவைத்து விதைத்தால் சில நாட்களில் முளை தெரியும். ஒரு மாத அளவில் கீரை பறிக்கலாம். எத்தனை விதையில் எத்தனை முளைத்தன, வாரந்தோறும் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தன என்று பிள்ளைகள் குறித்துவந்தால், அளவையும் ஒப்பீடும் வரைபடமும் கைவரும். முளைக்காத விதைக்குக் காரணம் தேடுவது அறிவியலின் தொடக்கம். அறுவடையில் ஒரு பங்கை அடுத்த பருவத்து விதைக்கென ஒதுக்கி வைக்கும்போது, சேமிப்பின் பொருளும் விளங்கும். நம் உழவர் குடும்பங்கள் எத்தனை நெருக்கடியிலும் விதைநெல்லில் கைவைக்கத் தயங்கியது இதனால்தான்.

இதில் கவனம் தேவைப்படும் இடங்களும் உண்டு. தோட்ட வேலை சில பிள்ளைகளின் தலையில் மட்டும் விழக்கூடாது. மண் சுமப்பது ஒரு சாராருக்கும், பெருக்குவது பெண் குழந்தைகளுக்கும், பூப்பறிப்பது பிறருக்கும் என்று பிரிந்தால், நாம் ஒழிக்க விரும்பும் வேற்றுமையைப் பள்ளியே கற்பித்ததாகிவிடும். எல்லாரும் எல்லா வேலையையும் முறைவைத்துச் செய்யவேண்டும். குடும்ப நினைவுகளிலும் வறுமையும் அவமதிப்பும் கலந்திருக்கலாம். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதைக் குழந்தையும் குடும்பமுமே முடிவு செய்யட்டும். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அருகில் தாத்தா, பாட்டி இல்லாதிருக்கலாம். அவர்களுக்குத் தெருவில் உள்ள முதியவர் ஒருவர் உறவாகலாம்.

இடமில்லை, நேரமில்லை என்னும் மறுப்புகளையும் கேட்கிறோம். முற்றம் இல்லாத நகரப் பள்ளிக்குப் பத்துத் தொட்டிகள் போதும். மொழிக்கும் கணக்குக்கும் ஒதுக்கிய நேரத்திலிருந்து வாரம் இரண்டு பாடவேளைகளை இதற்கு எடுத்தால், அந்தப் பாடங்களுக்கு இழப்பு ஏதுமில்லை. தேர்வு நெருங்கும்போதும் அவற்றை நிறுத்தாமல் நடத்தும் துணிவு தலைமையாசிரியருக்கு வேண்டும். மதிப்பெண்ணை மட்டும் கேட்கும் பெற்றோராக நாம் இருந்தால் அத்துணிவு அவருக்கு எங்கிருந்து வரும்?

வாசகர்களில் பலர் ஓய்வூதியம் பெறுவோர். பலர் பேரக்குழந்தைகள் உடையோர். வரும் கல்வியாண்டில் அருகிலுள்ள தொடக்கப் பள்ளிக்குச் சென்று, மாதம் ஒரு மணி நேரம் தருவதாகத் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். தாம் பார்த்த தொழிலையும், கடந்துவந்த வெள்ளத்தையும் வறட்சியையும், முதல் சம்பளத்தில் வாங்கிய பொருளையும் பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள். இளம் பெற்றோர் இன்றிரவே வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்கட்டும். விடையைக் குழந்தை கேட்கும்படி அருகில் அமர்த்திக்கொள்ளட்டும்.