எஃப்1 அழுத்தினால் திறக்க வேண்டும்

புதிதாகப் போட்ட ஆபிஸ் மென்பொருளில் எஃப்1 விசையை அழுத்துகிறோம். உதவிப் பக்கம் வருவதில்லை. வெள்ளைத் திரை வருகிறது, அல்லது உலாவி திறந்து இணைப்பு இல்லை என்று நின்றுவிடுகிறது. போட்டுக் கொடுத்தவரைக் கேட்டால் ஹட்டனிலும் கொழும்பிலும் ஒரே பதில்: “அதையெல்லாம் இப்ப யாரு பார்க்கிறா? எல்லாம்தான் நெட்ல இருக்கே.” ஆசிரியர்களும் அலுவலக மேலதிகாரிகளும்கூட இதை நம்புகிறார்கள். இது பிழையான நம்பிக்கை. மலையகத்தில் பொகவந்தலாவை போன்ற தோட்ட ஊர்களுக்கு அநியாயமானதும்கூட.

டவுனில் கிடைக்கிற சிக்னல் தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கின் லயங்களுக்கு ஏறுவதற்குள் மெலிந்துவிடுகிறது. கொரோனாக் காலத்தில் ஒன்லைன் வகுப்புக்காகத் தோட்டப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டில் ஏறி உட்கார்ந்ததை மறந்துவிட்டோமா? 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரத்தை வெட்டினார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டபோது பல இடங்களில் பாதையும் மின்சாரமும் தொலைபேசியும் சேர்ந்தே அறுந்தன. நல்ல நாளிலும் இணையம் இலவசமில்லை. ஒரு சிறிய சந்தேகத்துக்கு நாலு வீடியோ பார்த்தால் டேட்டா அதிலேயே கரைந்துவிடும். கொழுந்து பறித்து வாங்கிய சம்பளத்தில் போட்ட ரீலோட் அது.

நெட்டில் எல்லாம் இருக்கிறது என்பவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. தேடுவதற்கு, தேடும் பொருளின் பெயர் தெரிய வேண்டும். தோட்ட ஆபிசில் செக்ரோல் எனும் சம்பளக் கணக்கை விரிதாளில் போடப் பழகும் இளம் கிளாக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கான 8 சதவீதத்தை மேலே ஒரு கட்டத்தில் எழுதுகிறார். முதல் ஆளின் கழிவுக்குச் சூத்திரம் போட்டு, அதைக் கீழே இழுக்கிறார். முதல் வரி சரி. இரண்டாவது வரியிலிருந்து கழிவு பூச்சியம். சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது அது பார்க்கும் கட்டமும் ஒவ்வொன்றாகக் கீழே நகர்கிறது. நகராமல் நிறுத்த டொலர் குறி போட வேண்டும். இது அவருக்குத் தெரியாது. இதற்கு என்ன பெயர் என்பதும் தெரியாது. கூகுளில் எதை எழுதித் தேடுவார்? உதவியில் சூத்திரங்கள் பற்றிய பகுதியைப் புரட்டினால் அந்த விளக்கம் அங்கேயே இருக்கிறது. அதுவும் அவர் கணினியில் இருக்கும் அதே பதிப்புக்கு எழுதியது. நெட்டில் கிடைக்கும் வீடியோவோ வேறு பதிப்பைக் காட்டும். அவர் திரையில் இல்லாத பொத்தானை அழுத்தச் சொல்லும். பெயர் தெரியாதவருக்கு வழிகாட்டத்தான் மென்பொருளுக்குள் உதவியை வைத்தார்கள்.

உதவி திறக்காததற்குக் காரணம் கணினி பழுது என்றும், பாவிப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்றும் இன்னொரு எண்ணம் இருக்கிறது. அதுவும் பிழை. 1990இல் விண்டோஸ் 3.0 வந்தபோதே உதவிக் கோப்புகளைத் திறக்கும் நிரலும் கூட வந்தது. 2007இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் அந்த நிரலை எடுத்துவிட்டார்கள். வேண்டுமானால் தனியாகத் தரவிறக்கலாம் என்றார்கள். விண்டோஸ் 10இல் அந்த வழியும் அடைபட்டது. மைக்ரோசொஃப்ட் ஆபிஸ் 2013இல் கணினிக்குள்ளேயே உதவி வைத்துக்கொள்ளும் தெரிவு இருந்தது. 2016 பதிப்பில் அது இல்லை. கட்டணமில்லாத லிப்ரே ஆபிஸை விண்டோஸில் போடுபவர்கள் உதவித் தொகுப்பைத் தனியாக இறக்கி நிறுவ வேண்டும். பலர் அதைச் செய்வதில்லை. அப்போது எஃப்1 இணையத்துக்குத்தான் ஓடும். உபுண்டு 22.04 இயங்குதளத்தில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி ‘ஸ்னாப்’ என்ற அடைப்புக்குள் வருகிறது. உலாவியில் திறக்க வேண்டிய உதவிக் கோப்பு கணினியிலேயே இருந்தும் அதைத் தொட உலாவிக்கு அனுமதி இல்லாமல் போகலாம். இவை ஒவ்வொன்றும் எங்கோ யாரோ எடுத்த முடிவு. எல்லோரிடமும் எந்நேரமும் இணையம் இருக்கும் என்ற நினைப்பு அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் நிற்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு அறிவு போதாது என்று சொல்வதற்கு இதில் எங்கே இடம்?

பழுது எதுவென்று பார்க்க அதிக நேரம் ஆகாது. சில மடிக்கணினிகளில் எஃப்1 சத்தத்தை நிறுத்தும் விசையாக இருக்கும். எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். பழைய கணக்கு மென்பொருள்களின் உதவி ‘சிஎச்எம்’ கோப்பாக வரும். இடப்பக்கம் தலைப்புகள் தெரிந்து வலப்பக்கம் வெறுமையாக இருந்தால், இணையத்திலிருந்து வந்த கோப்பு என்று விண்டோஸ் அதைத் தடுத்திருக்கக்கூடும். கோப்பின் பண்புகளைத் திறந்து ‘அன்புளொக்’ கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கோப்பு அலுவலக வலையமைப்பில் வேறு கணினியில் இருந்தால், நம் கணினிக்குப் பிரதி எடுத்துத்தான் திறக்க வேண்டும். 2005இல் வந்த பாதுகாப்புத் திருத்தம் அப்படி வைத்திருக்கிறது.

இதையெல்லாம் பார்க்காமல் “அழிச்சிட்டுத் திரும்பப் போடு” என்பது இன்று ஒரு வைத்தியமாகிவிட்டது. மென்பொருளை அழித்தாலும் பாவிப்பவரின் அமைப்புக் கோப்புறை அப்படியே நிற்கும். கெட்டது அந்தக் கோப்புறை என்றால் எத்தனை தடவை போட்டாலும் அதே பழுதுதான். லிப்ரே ஆபிஸில் 5.3 பதிப்பு முதல் பாதுகாப்பு முறையில் திறந்து அந்த அமைப்புகளை மட்டும் மீட்டுக்கொள்ள வழி இருக்கிறது. திரும்பப் போடுவதற்குக் காசு வாங்குபவர்கள் இதைச் சொல்ல வேண்டும்.

நெட்டில் இருக்கும் உதவி புதுப்பிக்கப்பட்டது, விரிவானது என்பதை நான் மறுக்கவில்லை. இணைப்பு உள்ளவர் அதைப் பார்க்கட்டும். ஆனால் கணினிக்குள் ஒரு பிரதி இல்லாமல் வெளியே இருப்பதை மட்டும் நம்பச் சொல்வது, மலையகப் பிள்ளைகளை எப்போதும் இன்னொருவரிடம் கேட்டு நிற்கும் இடத்திலேயே வைத்திருக்கிறது. வகுப்பு முடிந்து வாத்தியார் வீட்டுக்குப் போன பிறகு, யார் தயவும் இல்லாமல், தானே ஒன்றைப் படித்துத் தெரிந்துகொள்ளும் உரிமை அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளில் கணினி அறை திறந்து ரிப்பன் வெட்டுகிறவர்கள் அந்த உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ஆகவே பாடசாலை அதிபர்களிடமும், தோட்ட ஆபிசில் இருப்பவர்களிடமும், கொமினிகேஷன் கடை வைத்திருப்பவர்களிடமும் கேட்கிறேன். மென்பொருள் போட்டவர் பையைத் தூக்குவதற்கு முன் இணைப்பை நிறுத்தச் சொல்லுங்கள். எஃப்1 அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். உதவியைக் கணினிக்குள் வைக்க வழியுள்ள மென்பொருளில் அது திறக்கவில்லை என்றால் வேலை முடியவில்லை; காசைக் கொடுக்காதீர்கள். வழியே இல்லாத மென்பொருள் என்றால், வாங்குவதற்கு முன்பே அதைச் சொல்லும்படி கேளுங்கள்.