மாடு தின்னாது என்றுதான் நட்டோம்: நெடுஞ்சாலை அரளி ஏன் ஆபத்து?

சுனாபட்டியிலிருந்து பொங்கலுக்கு ஊருக்கு ரோட்டு வழியாகப் போயிருக்கீங்களா? நெடுஞ்சாலை நடுவே இளஞ்சிவப்பு, வெள்ளைப் பூக்கள் கூடவே வரும். அரளி. இங்கே மராத்தியில் கண்ஹேர்.

சாலை நடுவே ஏன் அரளி?

தண்ணீர் குறைவாகப் போதும். புகை, தூசி தாங்கும். எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் வெளிச்சத்தை மறைக்கும். முக்கியமாக, ஆடு மாடு மேயாது. இலையின் கசப்பு அப்படி. அந்த இலையில்தான் விஷமும் இருக்கிறது.

அப்புறம் என்ன பிரச்சினை?

வெட்டிய பிறகுதான் பிரச்சினை. காய்ந்த இலையில் கசப்பு குறைகிறது, விஷம் குறைவதில்லை. கவாத்து செய்து ஓரத்தில் குவித்த தழை, வைக்கோலோடு கலந்துவிட்டால் மாட்டுக்கு வித்தியாசம் தெரியாது.

எவ்வளவு தின்றால் ஆபத்து?

கால்நடை மருத்துவ நூல்கள் சொல்லும் அளவு, உடல் எடையில் 0.005 சதவீதம் காய்ந்த இலை. கணக்குப் போட்டுப் பாருங்க: 300 கிலோ பசுவுக்கு வெறும் 15 கிராம். ஒரு கைப்பிடிகூட வேண்டாம்.

இலையில் உள்ள ஒலியாண்ட்ரின், இதயத் தசை செல்களில் சோடியம், பொட்டாசியம் அளவைச் சீராக வைக்கும் பம்ப்பை முடக்குகிறது. துடிப்பு தாறுமாறாகிறது. எச்சில் வழிதல், கழிச்சல், தள்ளாட்டம் தெரியலாம். பல சமயம் எதுவும் தெரியாமலேயே மாடு செத்துக் கிடக்கும்.

நிஜமாக நடந்திருக்கிறதா?

2024-ல் கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்தில் அரளி இலை தின்று ஒரு பசுவும் கன்றும் இறந்தன. அதே சமயத்தில் ஓர் இளம்பெண்ணின் மரணத்திலும் அரளி மீது சந்தேகம் எழுந்தது. அந்த மே மாதமே திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவுக்குத் தடை போட்டது. மனுஷன் வாய்க்குப் போகும் வழி அடைபட்டது. மாட்டின் வாய்க்குப் போகும் வழி அப்படியேதான் இருக்கிறது.

செடியையே பிடுங்கிடலாமா?

தேவையில்லை. நிற்கும் செடியைவிட வெட்டிப் போட்ட தழைதான் பெரிய ஆபத்து. எனவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: வெட்டிய தழையை அன்றைக்கே அள்ளிக்கொண்டு போவது யார் பொறுப்பு? பராமரிப்பு ஒப்பந்தத்தில் அது ஒரு வரியாக இருந்தால் போதும். எரிப்பதும் தீர்வல்ல, புகையும் கெடுதல்.

நீங்க செய்யக்கூடியது?

ஊரில் மாடு வைத்திருக்கும் அப்பாவிடம், சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்க. செம்பூரில் உங்க சொசைட்டி அரளி வேலியை வெட்டினால், தழை தெருவுக்கு வராமல் மூட்டை கட்டச் சொல்லுங்க. பக்ரீத் சமயத்தில் தேவ்னாருக்கு வரும் ஆடுகளுக்கும் அது விஷம்தான். மாடு தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 1962, கால்நடை ஆம்புலன்ஸ் எண்.

ஏன் இவ்வளவு அவசரம்? ஒரு கறவை மாடு என்பது பல வீடுகளில் மாதச் சம்பளம். அதைத் தீர்க்க 15 கிராம் போதும்.