பச்சை ஒயரைக் கழற்றியவன் நான்தான்!

சென்ற ஆண்டு கல்லூரி நாள் விழாவில் நம் லைட் மியூசிக் குழு மேடையேறியது நினைவிருக்கிறதா? கிட்டார் ஒயரை ஆம்ப்ளிஃபயரில் செருகியதுமே அரங்கம் முழுக்க "உம்ம்ம்ம்..." என்று ஒரு சத்தம். முதல் வரிசையில் முதல்வரும் சிறப்பு விருந்தினரும். கடைசி வரிசையில் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு. ஊளைக்கு ஊளையே பதில்! அப்போது மைக் செட் அண்ணன் ஒரு யோசனை சொன்னார்: "தம்பி, அந்த ஆம்ப் பிளக்குல எர்த்தக் கழட்டி வுட்ருங்க, கப்புனு நின்னுரும்."

நான் எலெக்ட்ரிகல் மாணவன். கையில் ஸ்க்ரூ டிரைவர் வேறு. பிளக் டாப்பைத் திறந்தேன். பச்சை ஒயரைக் கழற்றினேன். முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றினேன். கப்பென்று நின்றது சத்தம். கைதட்டல்! இரண்டு நிமிடம் நான்தான் விழா நாயகன்.

மூன்றாவது பாட்டில், கிட்டார் வாசித்துக்கொண்டே பாடிய நண்பனின் உதடு மைக்கில் பட்டது. சுள்ளென்று பின்னால் துள்ளினான். அதை ஸ்டைல் என்று நினைத்து விசிலடித்தோம். கீழே வந்ததும், "மாப்ளே, மைக்ல கரண்ட் அடிக்குதுடா" என்றான். மைக்கில் ஒரு குறையும் இல்லை. கரண்ட் அவன் கையிலிருந்த கிட்டாரில் இருந்தது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தவன் அடியேன்!

எப்படி என்கிறீர்களா? கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஒயரின் ஷீல்டோடும், ஷீல்டு ஆம்ப்ளிஃபயரின் சேஸிஸோடும் இணைந்திருக்கின்றன. சேஸிஸ் எர்த்தில் இருக்கும்வரை பயமில்லை. எர்த்தைக் கழற்றியதும் சேஸிஸ் அந்தரத்தில் நின்றுவிட்டது. சப்ளை உள்ளே நுழையும் இடத்தில், ஃபேஸிலிருந்து சேஸிஸுக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து சேஸிஸுக்கு ஒன்று என இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் பல கருவிகளில் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் இரண்டும் 230 வோல்ட்டைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டு, சேஸிஸில் 115 வோல்ட் அளவுக்கு நிறுத்திவிடும். மைக்கோ, மிக்ஸர் வழியாக எர்த்தில் இருந்தது. நடுவில் நம் நண்பன்!

கெப்பாசிட்டர் சின்னது என்பதால் அதன் வழியாக வரும் கரண்ட்டும் மிகக் குறைவு. அதனால்தான் "சுள்" என்பதோடு போயிற்று. அன்றைக்குப் பார்த்து டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் போயிருந்தால்? சேஸிஸில் முழு 230 வோல்ட். வியர்த்த விரல், ஈர உதடு. உடம்பின் ரெசிஸ்டன்ஸ் 1000 ஓம் என்று வையுங்கள். முதலாமாண்டில் படித்த ஓம் விதிதான், 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியர் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆக வேண்டும் என்று வைத்திருப்பது சும்மாவா? (தற்காலிக மேடை லைனில் அந்த ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று யாராவது பார்த்ததுண்டா?)

"ஓவரா பயமுறுத்தாதடா" என்று சொல்பவர்களுக்கு இரண்டு பெயர்கள். 1972 மே 3ஆம் தேதி, வேல்ஸில் உள்ள ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். 1976 மே மாதம், யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப், தம் வீட்டில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். அங்கேயும் கருவிக்குச் சரியான எர்த் இல்லை.

நியாயமாகப் பேசுவோம். மைக் செட் அண்ணன் பொய் சொல்லவில்லை. சத்தம் நின்றது உண்மை. ஆம்ப்ளிஃபயர் மேடை ஓர சாக்கெட்டில், மிக்ஸர் அரங்கின் கடைசியில் வேறொரு சாக்கெட்டில். இரண்டுக்கும் எர்த் உண்டு. இரண்டையும் சிக்னல் ஒயரின் ஷீல்டும் இணைக்கிறது. ஆக ஒரு பெரிய வளையம் உருவாகிவிட்டது. இரண்டு எர்த்துக்கும் நடுவே சில மில்லி வோல்ட் வித்தியாசம் இருந்தாலே ஷீல்டில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடும். அதைத்தான் ஸ்பீக்கர் பாடுகிறது. இதற்குப் பெயர் எர்த் லூப். வளையத்தை வெட்டினால் சத்தம் நிற்கும். ஆனால் எந்த இடத்தில் வெட்டுவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. நான் வெட்டிய இடம் தப்பு.

சரியான இடம் சிக்னல் பக்கம். டி.ஐ. பாக்ஸ் என்று ஒன்று கிடைக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் ஷீல்டு மட்டும் பிரியும்; பிளக்கில் இருக்கும் எர்த்தை யாரும் தொட வேண்டியதில்லை. காசு இல்லையா? ஒரே இடத்திலிருந்து கனமான எக்ஸ்டென்ஷன் இழுத்து, மிக்ஸருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் அதிலேயே சப்ளை கொடுங்கள். வளையம் சுருங்கிவிடும், பாதி மேடைகளில் இதுவே போதும்.

எல்லா "உம்"மும் எர்த் லூப் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிட்டாரின் வால்யூமை ஜீரோவில் வையுங்கள். சத்தம் போய்விட்டால் குற்றவாளி பிக்கப் பக்கம். கிட்டாரோடு அப்படியே திரும்பிப் பாருங்கள்; திசைக்குத் திசை சத்தம் கூடிக் குறைந்தால், பக்கத்தில் டியூப் லைட் சோக்கோ டிரான்ஸ்ஃபார்மரோ இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய கம்பி சுற்றியதுதானே பிக்கப், அது காற்றில் வரும் காந்தப்புலத்தையும் வாங்கிக்கொள்ளும். இதற்காகத்தான் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் ஹம்பக்கரை உருவாக்கினார். இரண்டு காயில், ஒன்றில் வரும் ஹம் மற்றொன்றில் வரும் ஹம்மை அடித்துவிடும், கம்பியின் ஓசை மட்டும் கூடும். எவ்வளவு எளிய மூளை வேலை பாருங்கள்! டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர் படிக்கும் இ.சி.இ. நண்பர்களுக்குச் சட்டென்று புரியும்.

கம்பியைத் தொட்டால் சத்தம் குறைகிறதா? இணைப்பு நன்றாக இருக்கிறது, ஷீல்டிங்தான் போதவில்லை. கம்பியைத் தொட்டால் மாற்றமில்லை, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது என்றால் பிரிட்ஜுக்குப் போகும் ஒயர் அறுந்திருக்கும், ஒரு சொட்டு ஈயம் போதும். கிட்டாரையே உருவிய பிறகும் ஆம்ப்ளிஃபயர் தனியாகப் பாடினால், அதுவும் 50க்குப் பதில் 100 ஹெர்ட்ஸில் பாடினால், ஃபில்டர் கெப்பாசிட்டருக்கு வயதாகிவிட்டது. வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றால் மூடியைத் திறக்க வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் உட்கார்ந்திருக்கும்.

இத்தனைக்கும் 15 நிமிடம் ஆகாது. அந்த 15 நிமிடத்தைக் கொடுக்காமல் விட்டோம் என்பதுதான் என் ஆதங்கம். பைப் எர்த்திங் படம் வரையச் சொன்னால் கரி, உப்பு, புனல் எல்லாம் போட்டு அழகாக வரைந்து முழு மார்க் வாங்குகிறோம். நாம் நிற்கும் மேடையின் சாக்கெட்டில் எர்த் வருகிறதா என்று ஒருநாள் பார்த்தோமா?

விழா முடிந்து இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். வொர்க்‌ஷாப் எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூட வைத்துக்கொண்டு, மற்ற பிளக்குகளை எல்லாம் உருவிவிட்டுத்தான். கீபோர்டு வைத்திருந்த பக்கத்து சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் 226 வோல்ட் காட்டியது. "பர்ஃபெக்ட் அண்ணே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அதே இடத்தில் 100 வாட் டெஸ்ட் லேம்ப்பை வைத்தார். லேம்ப் எரியவே இல்லை! மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு, கருகிப்போன இணைப்பு வழியாகக்கூட வோல்டேஜ் காட்டிவிடும். லேம்ப்புக்கு அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக வேண்டும், அதை அந்த எர்த்தால் கொடுக்க முடியவில்லை. "மீட்டர் சொல்றத லேம்ப்கிட்ட கேட்டுக்கணும் தம்பி" என்றார். (ஆர்.சி.சி.பி. உள்ள லைனில் லேம்ப் வைத்தால் டிரிப் ஆகும். ஆனால் அதுவும் நல்ல செய்திதான்.)

பெட்டியைத் திறந்தால் எர்த் ஒயர் ஸ்க்ரூவில் கருகி ஒடிந்து கிடந்தது. எழுதிக் கொடுத்தோம், மூன்று வாரத்தில் மாற்றிவிட்டார்கள். ஆம்ப்ளிஃபயர் பிளக்கில் பச்சை ஒயரையும் நானே திரும்ப முடுக்கினேன்.

இந்த ஆண்டு விழா ஆறு மணிக்கு. மூன்று மணிக்கே எலெக்ட்ரீஷியன் அண்ணனோடு, டெஸ்ட் லேம்ப், டேப், ஒரு நீள எக்ஸ்டென்ஷன் சகிதம் மேடையில் இருப்பேன். இரண்டாமாண்டு இ.இ.இ.யிலிருந்து இரண்டு பேர் கூட வந்தால் நல்லது. டீ என் செலவு!