உயிரோடு இருக்கும்போதே

2001-இல் டெல்லி மேடையில் பிரதமர் வாஜ்பாய் குனிந்து ஒரு பெண்ணின் காலைத் தொட்டு வணங்கினார். மதுரைப் பக்கம் புல்லுச்சேரியில் வயல் கூலிக்குப் போய்வந்த சின்னப்பிள்ளை அவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நியாயமான கூலி கேட்டுப் பேசினார். வட்டிக்காரரிடம் ஓடிய பெண்களைக் களஞ்சியம் குழுக்களில் சேமிக்க வைத்தார். முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்ந்த கசங்கிய ரூபாய்த் தாள்கள்தான் அந்தக் களஞ்சியத்தின் முதல். 2019-இல் பத்மஸ்ரீ வந்தது.

அவரைப் போல உழைக்கும் பெண்கள் நம் பக்கமும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் பெயரால் வாழும் ஊர். ராஜபாளையத்து நூற்பாலைகளில் பெண்களின் விரல்கள் ஓய்வதில்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் 2016-லேயே சட்டமாயிற்று.

தெருக்குழாயில் தண்ணீர் வரவழைத்த வார்டு உறுப்பினர், குழுக் கடனை அடைத்துக்காட்டிய தலைவி: இவர்களுக்குச் சால்வை மட்டும் போதாது, உயிரோடு இருக்கும்போதே ஊர்க் கல்வெட்டில் பெயர் வேண்டும். சுற்றுவட்டார ஊராட்சிகள் ஜனவரி 26 கிராம சபையிலேயே தொடங்கலாம்.