காவல் நாய்க்கு யார் காவல்?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கங்களில் வீட்டில் நாய் வளர்க்கும் முஸ்லிம்கள் குறைவு. ஆயினும் வயலிலும் மாட்டுப்பட்டியிலும் காவலுக்கு நாய் வைத்திருப்போர் நம்மவர்களிலும் உண்டு. வேட்டைக்கும், கால்நடை, பயிர்க் காவலுக்கும் நாய் வளர்க்க மார்க்கத்தில் அனுமதி இருக்கின்றது. அந்த அனுமதியைப் பேசுகின்ற நாம், அதனோடு வருகின்ற பொறுப்பைப் பேசுவதில்லை என்பதே எனது ஆதங்கம்.

குட்டியைக் கொண்டுவந்து மரத்தடியில் குட்டைக் கயிற்றில் கட்டிவிடுகின்றோம். வெயிலிலும் மாரி மழையிலும் அது அங்கேயே கிடக்கின்றது.

சிறிய நாயொன்றுக்கு ஆறடி நீளம், நான்கடி அகலத்தில் பலகை அடைப்பு போதும். பழைய பலகைகளே தாராளம். தளத்தை நிலத்திலிருந்து அரையடி உயர்த்தினால் ஈரமும் கறையானும் எளிதில் அண்டாது. நமது கரையில் மாரிக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால் வாசல் தெற்கே இருக்கட்டும். மேலே கிடுகு வேய்ந்தால் உள்ளே சூடேறாது. ஆனால் அடைப்பு சிறையாகிவிடக் கூடாது. காலையும் மாலையும் ஓடவிட வேண்டும்.

ஷாபிஈ மத்ஹபின்படி நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். வீட்டுக்கு அப்பால் அமையும் அடைப்பு அந்தச் சிரமத்தையும் அயலவரின் மனக்குறையையும் ஒருங்கே குறைக்கும். விசர்நாய்க்கடித் தடுப்பூசியையும் தவறாது போட்டுவிட்டால் அச்சமும் குறையும்.

தாகித்த நாய்க்குக் கிணற்றிலிறங்கி நீர் அள்ளிக் கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார் என்ற ஹதீஸை நாம் அறிவோம். குகைவாசிகளோடிருந்த நாயைக் குர்ஆனே குறிப்பிடுகின்றது. அடுத்த மாரிக்கு முன்னராவது ஒரு பகலை இதற்கென ஒதுக்குவோமா?